பிடித்து வைத்த சரக்கு

ஒரு விளம்பரத்தை நான் தடுத்துவிட்டால் அந்தப் பொருளே உலகத்தை விட்டுப் போய்விடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். முப்பத்தேழு வயது, பட்டப்படிப்பு, பெண்டாட்டி எல்லாம் இருந்தும் நம்பினேன். முதல் நாள் வேலையில் யாரோ ஒருவருடைய கைத்துப்பாக்கி விளம்பரத்தை ரிஜெக்ட் செய்துவிட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, எதிரே வந்த ஒவ்வொருவரையும் பார்த்து, 'உன் உயிர் இன்று என்னால் தப்பியது, உனக்குத்தான் தெரியாது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். வியாசர்பாடியில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் கொசுவை நிறுத்தச் சொன்னாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ரேவதி. எங்கள் ஆபீசில் கடைசியாகச் சேர்ந்த பெண். இன்று வேறொரு கம்பெனியில், விளம்பர விதிகளை எழுதும் குழுவில் இருக்கிறாள். நாங்கள் கண்ணால் பார்த்த வேலையை இப்போது மெஷின் பார்க்கிறதாம். அதனால் அந்தக் குழுவில் உட்கார்ந்து பேச நிறைய நேரம் கிடைக்கிறதாம். இணையத்தில் யார் எதை விற்கலாம், விற்கக் கூடாது என்று முடிவு செய்ய ஒரு பெரிய கம்பெனிக்கு உரிமை உண்டா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையாம். நீங்கள் எந்தப் பக்கம் சார், எழுதித் தாருங்கள் என்றாள். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே சரியாகத் தெரியாது. எங்கள் அதிகாரி தணிகாசலம் சாரின் கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றுதான் சொல்ல முடியும். அதைச் சொன்னால் நீங்களே ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது ராயபுரத்தில் வந்துகொண்டிருந்த ஓர் இலவச வாரப் பத்திரிகை. தொண்ணூறுகளின் கடைசி. வரி விளம்பரம் வாங்கும் கவுன்டரில் நான். கொண்டுவந்து கொடுத்தால் எதையும் போடுவோம். வீடு, வரன், வசியம், பழைய ஃபிரிட்ஜ். விதி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கண்ணீர் அஞ்சலி என்றால் ஆதாரம் வேண்டும். அதுவும், தன்னுடைய கண்ணீர் அஞ்சலியைத் தானே படித்துவிட்டு, போட்ட படம் சரியில்லை என்று சண்டைக்கு வந்த ஒரு கடைக்காரரால் வந்த விதி. பத்திரிகை ஒரு நாள் நின்றது. அதற்கு யாரும் அஞ்சலி போடவில்லை. நானும் பிரவுசிங் சென்டரில் வேலை தேடி, இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து இந்த வேலையில் வந்து விழுந்தேன்.

வெளிநாட்டில் ஒரு பெரிய இணையக் கம்பெனி. பெயர் வேண்டாம், அந்தக் கம்பெனியை இன்னொருவர் வாங்கி, அந்தப் பெயரே இப்போது இல்லை. அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வரும் விளம்பரங்களைச் சரிபார்த்துக் கொடுக்க ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸ். திருவொற்றியூரில் டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். நகர ஆரம்பித்தால் எங்கள் மானிட்டர்கள் தலையாட்டும். பயிற்சி மூன்று நாள். மூன்று நாளும் சாப்பாடு நன்றாக இருந்தது. மற்றது நினைவில்லை.

வேலை இதுதான். ஒரு விளம்பரம், சில சமயம் ஒரு படத்தோடு, திரையில் வரும். மூன்று வரி. அதைப் படிக்க வேண்டும். பிறகு அது எந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போகிறதோ அங்கே போய், கடையை முழுசாகப் பார்க்க வேண்டும். துப்பாக்கி, புகையிலை, சாராயம், நோயைக் குணமாக்கும் மருந்து என்று ஒரு தடைப் பட்டியல் உண்டு. அதில் மாட்டினால் ரிஜெக்ட். மாட்டாவிட்டால் அப்ரூவ். ரிஜெக்ட் செய்தால் விளம்பரம் கொடுத்தவருக்கு ஒரே ஒரு வரி போகும்: உங்கள் விளம்பரம் எங்கள் கொள்கைக்கு உட்படவில்லை. என்ன கொள்கை, எங்கே உட்படவில்லை, எதுவும் போகாது. அவருக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும் சொன்னதில்லை. எந்த மருந்தை ஏன் தடுக்கிறோம் என்று நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை. பட்டியலில் இருக்கிறது, தடுக்கிறோம்.

எங்களுக்கு மேலே தணிகாசலம் சார். துறைமுகத்தில் சுங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எது போகலாம், எது போகக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவரைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர் யார் என்று எங்கள் முதலாளி அவரைக் கூட்டிவந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அதோடு ஒரு துண்டு சாக்பீஸ். உட்கார மாட்டார். எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று கேள்வி கேட்பார். என்ன சரக்கு, எங்கேர்ந்து வருது, யார் தலையில இறங்குது. விளம்பரம் என்ற சொல்லே அவர் வாயில் வராது, சரக்குதான். அப்ரூவ் என்றால் 'வெளியே விடு'. ரிஜெக்ட் என்றால் 'பிடிச்சு வை'. சந்தேகமான சரக்கு வந்தால் கையை நீட்டி, ஹார்பரில் பெட்டிகள் மேல் போட்டதுபோல மானிட்டர் கண்ணாடி மேலேயே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். நான் ரிஜெக்ட் அழுத்திவிட்டுத் துணியால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். சில நாள் துடைக்க மறந்து, அடுத்து வந்த புடவை விளம்பரத்தையும் அந்தக் குறியைப் பார்த்தே பிடித்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து சீட்டில் நூருல்லா. பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், என்னைவிடச் சின்னவன், தலை மட்டும் என்னைவிட முதிர்ந்தது. அவன்தான் ஒரு நாள் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, தொப்பியைத் தூக்கிக் காட்டினான். தலையில் ஏதோ எண்ணெய் பளபளத்தது. முடி வளரும் என்று சொல்லி வந்த விளம்பரம். முந்தின வாரம் அவனே தன் கையால் ரிஜெக்ட் செய்தது.

"இன்னாடா, தடுத்த சரக்கையே வாங்கிக்கினியா?" என்றேன்.

"சும்மாவா தடுப்பான் மாமு? மேட்டர் கீது அதுல."

நான் அவனுக்கு நீண்ட அறிவுரை ஒன்று தந்திருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் என் சட்டைக்குள் தொப்பையைக் கரைக்கும் பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடும், அதிரும். அதுவும் நாங்கள் ரிஜெக்ட் செய்ததுதான். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர்கள் என்னிடம் செல்போன் அடிக்கிறது, எடுங்கள் என்று சொல்வார்கள்.

ஊரில் யாருமே பார்க்காத விளம்பரங்களை நாள் முழுக்கப் பார்த்தது நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். ஆகவே அந்தப் பொருள்களை வாங்கியதும் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். உயரம் கூட, நிறம் கூட, ஞாபகம் கூட என்று ஒவ்வொரு டிராயரிலும் ஒன்று இருந்தது. தடை என்றால் அது பயங்கரமான சக்தி உள்ளதாக இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசாமலே ஒரு முடிவு. இதுவரைக்கும் வேடிக்கை. எண்ணெயால் நூருல்லாவுக்குத் தலையணை உறை கெட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் மஞ்சள் டப்பா வந்தது.

சர்க்கரை நோய்க்கான பொடி. விளம்பரத்தில் ஒரு பெரியவர் வேலியைத் தாண்டிக் குதிப்பார். 'ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், இனி லட்டு சாப்பிடலாம்' என்று மூன்று வரி. சாக்பீஸ் குறி விழுந்தது. பிடித்து வைத்தேன். அடுத்த வாரம் 'குணமாகும்' என்ற சொல்லை 'குணமாகலாம்' என்று மாற்றிக்கொண்டு திரும்ப வந்தது. பிடித்து வைத்தேன். பிறகு 'குணமானதாகச் சொல்கிறார்கள்' என்று வந்தது. அதன் பிறகு 'குணமானால் நாங்கள் பொறுப்பல்ல' என்றுகூட வரும் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சார் பின்னால் நின்று நிதானமாக முழுப் பக்கத்தையும் படிப்பார். மற்ற சரக்கைவிட இதற்கு அதிக நேரம் எடுக்கிறாரே என்று தோன்றியது. கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சாருக்கு நெடுநாளாகச் சர்க்கரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பி நின்று ஊசி போட்டுக்கொள்வார். அந்த ஊசி நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. கவனித்தது செருப்பைத்தான். எப்போதும் பாலிஷ் போட்ட ஷூவில் வருபவர், திடீரென்று ரப்பர் செருப்பில் வந்தார். இடது காலில் ஒரு கட்டு. ஷூ கடித்துவிட்டது என்றார். அந்தக் கட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. என்றைக்கும் உட்காராதவர் என் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

ஒரு நாள் கையெழுத்துக்காக அவருடைய பலகைத் தடுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். மோர் டம்ளரில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். மேஜை மேல் மஞ்சள் டப்பா. டப்பா மேல் வேலி தாண்டும் பெரியவர்.

எனக்கு வந்த பயத்தை அப்படியே சொல்கிறேன். முதலில் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். என்ன தெரிந்துவிட்டது என்று கேட்காதீர்கள். பிறகு சார் செத்துவிடுவார், பார்த்த சாட்சி நான்தான் என்று பயந்தேன். பிறகு, சாரைக் கேட்டால் பதிலுக்கு என் சட்டையைத் தூக்கச் சொல்வார் என்று பயந்தேன். மாடிப்படியில் போய் உட்கார்ந்து, பெல்ட்டைக் கழற்றி டைல்ஸ் கடையின் உடைந்த ஓடுகளுக்கு நடுவே ஒளித்துவிட்டு, சுத்தமான மனிதனாகத் திரும்பி வந்தேன்.

"சார், இது நாம பிடிச்சு வெச்ச சரக்கு."

"தெரியும். அதனாலதான் வாங்கினேன்" என்றார். குரலில் தப்பு செய்தவரின் சாயலே இல்லை. என்னை உட்காரச் சொன்னார். "கௌதமா, ஹார்பர்ல இத்தனை வருஷம் நின்னேன். நாங்க பிடிச்ச சரக்குல ஒண்ணாவது மட்டமா இருந்திருக்கா? வாட்ச், டேப் ரிக்கார்டர், சென்ட், எல்லாம் அசல். மட்டமானதெல்லாம் பேப்பரைக் காட்டிட்டு நேரா வாசல் வழியாப் போச்சு. எவனாவது தவிட்டை ஒளிச்சு வெச்சுக் கடத்துவானா?"

"அப்போ அந்தத் துப்பாக்கியும் நல்ல சரக்கா சார்?"

"நல்லா சுடும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அதை யாரும் தடுக்கவில்லையே, கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கிறார்கள், அதில் என்ன இருக்கப்போகிறது என்றார். ஒருவர் முட்டாள்தனமாகப் பேசினால் திருத்திவிடலாம். இவர் முப்பது வருஷ அனுபவத்தை வைத்துப் பேசினார். காலைக் காட்டுங்கள் என்று கேட்டேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு, வேலையைப் பார் என்றார்.

நூருல்லாவிடம் சொன்னேன். அவனுடைய பெரியப்பாவுக்கு இதே மாதிரி காலில் ஒரு கட்டோடு ஆரம்பித்து முழங்கால் வரை காலே போனது. அதனால் அவன் கிண்டல் செய்யவில்லை. கொஞ்ச நேரம் தலையைத் தடவிவிட்டு ஒரு யோசனை சொன்னான்.

"நீ அத்த வெளிய வுட்டுடு மாமு. வெளிய வந்துச்சுன்னு வையி, சாரு கையால தொட மாட்டாரு."

"ஊருக்கே போயிடும்டா."

"அதான் பேஜாரு" என்றான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பொய் மருந்தை ஒரே ஒருவர் சாப்பிடுகிறார், அதுவும் நாங்கள் தடுத்ததால் சாப்பிடுகிறார். அனுமதித்தால் அவர் நிறுத்திவிடுவார், மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். மறுநாள் மஞ்சள் டப்பா புது வரிகளோடு என் திரைக்கு வந்தது. அப்ரூவ் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பக்கம் நான் பார்த்துப் பழகிய ஒரு கால். இன்னொரு பக்கம் நான் பார்க்கவே போகாத எத்தனையோ கால்கள். பொத்தானைத் தவறிப்போய் அழுத்திவிடுவேனோ என்று மவுஸின் ஒயரையே பிடுங்கிவிட்டேன். நூருல்லா வந்து ஒயரைத் திரும்பச் செருகி, விளம்பரத்தை ரிஜெக்ட் செய்து, எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தான்.

ரேவதி கேட்டதற்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பெட்டிக்கடைக்காரர் பீடி விற்க மாட்டேன் என்றால் அது அவர் இஷ்டம்; வேண்டியவர் பக்கத்துக் கடைக்குப் போவார். தெரு முழுக்க ஒருவருடைய கடையே என்றால் அது அவர் இஷ்டம் மட்டும் இல்லை. அதனால் யாரோ எங்கேயோ உட்கார்ந்து பட்டியல் போடுவது எனக்கும் உறுத்தும். ஆனாலும் தடுக்கத்தான் வேண்டும் என்பேன். சார் காலில் இருந்த கட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் வேறு எப்படிச் சொல்வான்? என் குறை வேறு. தடுத்தீர்கள், சரி, ஏன் தடுத்தீர்கள் என்று சொல்லியிருக்கலாமே? 'இது உன் காலைத் தின்னும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், சார் டப்பாவைத் தொட்டிருக்க மாட்டார். 'கொள்கைக்கு உட்படவில்லை' என்று எழுதினால், கொள்கைக்காரன் எதையோ நமக்குத் தராமல் ஒளிக்கிறான் என்றுதான் அவர் மாதிரி ஆளுக்குத் தோன்றும்.

அந்த ஒரு வரியைத்தான் நான் வாங்கப் பார்த்தேன். எங்கள் திரையில் மேலிடத்துக்குச் சந்தேகம் கேட்டு எழுத ஒரு பொத்தான் உண்டு. யாரும் அதை அழுத்தியதில்லை. அழுத்தினால் என்ன ஆகும் என்று பயம். நான் அழுத்தினேன். என் மேலதிகாரி தடை செய்யப்பட்ட பொருளைத் தினமும் மோரில் கலந்து குடிக்கிறார், தக்க ஆலோசனை வழங்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நூருல்லா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். மேலதிகாரியையும் மோரையும் எடுத்துவிட்டான். இந்தப் பொடியில் என்ன இருக்கிறது, இதனால் என்ன கேடு, தெளிவாக எழுதித் தந்தால் எல்லோருக்கும் சொல்ல உதவியாக இருக்கும் என்று மாற்றினான். அனுப்பினோம். கம்பெனி தலைப்போடு ஒரு தாள் வரும், அதைச் சார் முன்னால் நீட்டலாம் என்பது என் கணக்கு. உத்தியோகத்தில் வாழ்ந்தவர், உத்தரவுக்குத்தான் கட்டுப்படுவார்.

பதில் உடனே வரவில்லை. அதற்குள் சார் காலைக் கீழே வைத்தால் வலிக்கிறது என்று ஒரு ஸ்டூல் கேட்டார். மருந்து வாடை எங்கள் சீட் வரைக்கும் வந்தது. என் மனைவியிடம் சொன்னேன். சாரின் வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்குப் போனேன். கதவைத் திறந்த அவருடைய மனைவி, உள்ளே பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் சொல்லாததையா நீங்க சொல்லப் போறீங்க? ஆபீஸ்ல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பயந்து தடுத்த மருந்துன்னு பெருமையாச் சொல்றாரு." அந்தப் பெரிய ஆள்களில் ஒருவனாக நான் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு வழியாகப் பதில் வந்தது. எனக்கு மட்டும் இல்லை, ஆபீஸ் முழுக்க எல்லோருக்கும் வந்தது. பிரிண்ட் எடுத்து, சாரே ஸ்டூலை விட்டு எழுந்து நின்று வாசித்தார். கவனமான கேள்விக்கு நன்றி. பொருளை ஆராய்ந்தோம். வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டை ஆகியவை உள்ளன. இவை உணவுப் பொருள்கள். ஆகவே இதை மருந்து என்று கருத வேண்டியதில்லை. குணமாகும் என்பது போன்ற சொற்களையும், ஊசி, மாத்திரை பற்றிய வரியையும் எடுத்துவிட்டால் இனி இந்த வகை விளம்பரங்களை அனுமதிக்கலாம். விதி இதற்கேற்பத் திருத்தப்படுகிறது. கேள்வி எழுப்பிய திரு. கௌதமன் அவர்களுக்குப் பாராட்டுகள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நூருல்லா தட்டவில்லை. சார் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"வெந்தயமா?" என்றார்.

"ஆமா சார்."

"அனுமதியா?"

"ஆமா சார். இனிமே வாசல் வழியாவே போகும்."

ஒரு முழு சர்வீஸும் வீணானதுபோல அவருடைய முகம் இருந்தது. தடுப்புக்குள் போய் மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து என் மேஜைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில் போட்டார். பிறகு என் பின்னால் வந்து நின்றார். திரையில் அந்த விளம்பரம் காத்திருந்தது; பெரியவர் வேலி தாண்டிக்கொண்டிருந்தார், வரிகள் ஒழுங்காகத் திருத்தப்பட்டிருந்தன. வெளியே விடு என்றார். விட்டேன்.

மறுநாள் காலை நானும் நூருல்லாவும் ஷேர் ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. ஊசியைத் திரும்ப ஆரம்பித்தார். ஆறேழு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டார். மஞ்சள் டப்பா விளம்பரம் நான் அந்த ஆபீசில் இருந்தவரைக்கும் ஓடியது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.